சுவரில் 6 இன்ச் ஓட்டை: மிஷினுக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: தண்டையார்பேட்டையில் தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் உள்ள வீடு. முதல் மாடிச் சமையலறையில் சிம்னிக்கு 6 இன்ச் ஓட்டை வேண்டும். அதே சுவரில் கீழே வாஷிங் மெஷின் தண்ணீர் போக ஒன்றரை இன்ச் பைப். வெளியே ஆள் நடக்கும் குறுகிய சந்து. வீட்டில் 26 மி.மீ. ஹாமர் மிஷின் (அடித்தபடியே துளைக்கும் ட்ரில்) இருக்கிறது. கொத்தனார் உளி வைத்து உடைத்துத் தருகிறேன் என்கிறார். வட்டமாக அறுத்து நடுத்துண்டை உருளையாக எடுக்கும் பெரிய கோர் பிட் வாங்கி நாமே போடலாமா?

சின்னதை நீங்களே போடலாம். 6 இன்ச்சை அந்த மிஷினில் போடாதீர்கள், உளியாலும் உடைக்க விடாதீர்கள். கோர் கட்டிங் செய்பவரைக் கூப்பிடுங்கள். ஆனால் அவர் நீங்கள் பென்சிலால் வட்டம் போட்ட இடத்தில்தான் போடுவார். அந்த வட்டத்துக்குப் பின்னால் பீம் இருக்கிறதா, ஒயர் ஓடுகிறதா, அறுபடும் துண்டு சந்தில் யார் தலையில் விழும் என்பதெல்லாம் வீட்டுக்காரர் முதலிலேயே முடிவு செய்ய வேண்டியவை. பெரிய ஓட்டையில் நடக்கும் விபத்துகளுக்கு வெட்டத் தெரியாதது ஒரு காரணம் என்றால், சுவரைப் பார்க்காமல் வெட்டியது அதைவிடப் பெரிய காரணம்.

முதலில் சுவர் என்ன சுவர் என்று தெரிய வேண்டும். வட சென்னையில் ஒரே தெருவில் நான்கு வகை கிடைக்கும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடிப் பக்கம் மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) போட்ட பழைய வீடுகளில் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பதிமூன்றரை இன்ச், பதினெட்டு இன்ச் சுவர்கள். அதற்குப் பின் வந்த வீடுகளில் சிமென்ட் கலவையில் ஒம்போது இன்ச் செங்கல் சுவர், உள்ளே அறை பிரிக்க நாலரை இன்ச் சுவர். இப்போது கட்டுகிறவற்றில் ஃப்ளை ஆஷ் கல், சாலிட் பிளாக், காற்றுக் குமிழி நிறைந்த, எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக். புதிய அடுக்குமாடிகள் சிலவற்றில் அலுமினிய ஷட்டரிங் வைத்துச் சுவர் முழுவதையும் கம்பி கட்டி கான்கிரீட்டாகவே ஊற்றியிருப்பார்கள். அந்தக் கடைசி வகையில் சுவர்தான் கட்டிடத்தைத் தாங்குகிறது. அதில் கட்டுமான இன்ஜினியர் எழுத்தில் சம்மதம் தராமல் 6 இன்ச் ஓட்டை என்ற பேச்சே கூடாது.

வகையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கீழே சொல்லும் ஒயர், பைப் சோதனையை முடித்துவிட்டு, 6 மி.மீ. பிட்டால் ஒரு சோதனைத் துளை போட்டு, கீழே ஒரு வெள்ளைத் தாளை மடித்து ஒட்டி வையுங்கள். முதல் 12 முதல் 20 மி.மீ. வரை சாம்பல் நிறத் தூள் வரும், அது பூச்சு. அதைத் தாண்டியதும் தாளில் சிவப்பாக விழுந்தால் செங்கல். பூச்சைத் தாண்டியும் சாம்பல் நிறமே வந்து, பிட் மெதுவாக நகர்ந்து, நடுவில் ஜல்லி பட்டு அதிர்ந்தால் கான்கிரீட். சாம்பல் நிறம், ஆனால் பிட் ஒரே வேகத்தில் போகிறது என்றால் ஃப்ளை ஆஷ் கல்லாக இருக்கலாம். கையை வைத்தாலே பிட் உள்ளே போய் வெள்ளை மாவாகக் கொட்டினால் ஏ.ஏ.சி. பழைய சுவரில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து ஈரமான மாவு போல வருவது சுண்ணாம்புக் கலவை. அங்கே பிட் கல்லுக்குள் போகிறதா, இணைப்புக்குள் போகிறதா என்பது கைக்கே தெரியும், இணைப்பில் சட்டென்று நழுவும். பெரிய வட்டத்தின் நடுவில் ஒன்று, மேல் விளிம்பில் ஒன்று, கீழ் விளிம்பில் ஒன்று என்று மூன்று துளை போட்டால் போதும். எல்லாம் எப்படியும் வெட்டப்படப் போகிற வட்டத்துக்கு உள்ளேயே இருக்கட்டும்.

சிம்னி ஓட்டைக்கு உயரம் முக்கியம், ஏனென்றால் அது பீமுக்கும் லிண்டலுக்கும் (கதவு, ஜன்னல் மேலே ஓடும் கான்கிரீட் பட்டை) நடுவில் மாட்டிக்கொள்ளும். பில்லர் வைத்துக் கட்டிய வீட்டில் 10 அடி உயர அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல், கதவுக்கு மேலே 7 அடியில் லிண்டல் தொடங்குகிறது. அது 6 இன்ச் தடிமன், ஆகவே ஏழரை அடியில் முடியும். பல வீடுகளில் லிண்டலை ஜன்னலோடு நிறுத்தாமல் சுவர் முழுக்க ஓட்டியிருப்பார்கள். மேலே பீம் கூரைக்குக் கீழே சுமார் 10 இன்ச் தொங்கினால் அதன் அடிப்பாகம் 9 அடி 2 இன்ச்சில் இருக்கும். நடுவில் கிடைப்பது 20 இன்ச் வெறும் செங்கல். வட்டத்தின் மையத்தை 8 அடி 4 இன்ச்சில் வைத்தால் 6 இன்ச் ஓட்டைக்கு மேலும் கீழும் சுமார் 7 இன்ச் மிஞ்சும். உங்கள் வீட்டில் இந்த அளவுகள் மாறும், டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பீம் பூச்சுக்குள் மறைந்து சுவரோடு சமமாக இருந்தால், பக்கத்து அறையிலோ மாடிப்படியிலோ அதே பீம் எந்த உயரத்தில் தெரிகிறது என்று பாருங்கள்.

பீம், பில்லர், லிண்டல், சன்ஷேட் இவற்றில் எதையும் வெட்டக் கூடாது. ஒரு கம்பிதானே போகும் என்று சொல்பவர்கள் உண்டு. லிண்டலில் இருப்பதே அடியில் இரண்டு மூன்று கம்பி, அதில் ஒன்று போனால் தாங்கும் சக்தியில் பெரும்பங்கு போய்விடும். போதாததற்குக் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போல கடற்கரையை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று ஏற்கெனவே கம்பியைத் தின்றுகொண்டிருக்கிறது. வெட்டிய கம்பி முனை காற்றில் பட்டால் துரு அங்கிருந்து உள்ளே ஏறி, சில வருடத்தில் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும்.

பில்லர் இல்லாமல் சுவரே தாங்கும் வீடாக இருந்தால் இன்னும் சில கட்டுப்பாடுகள். சுவரின் மூலையிலிருந்தும், கதவு ஜன்னல் விளிம்பிலிருந்தும் குறைந்தது 1 அடி தள்ளுங்கள். லிண்டலின் இரு முனைகளும் சுவரில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே வேண்டாம். மெட்ராஸ் டெரஸில் மரச் சட்டங்களும் உத்தரமும் சுவருக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒன்றரை அடி வரை தொடாதீர்கள், கூரையின் பாரம் முழுக்க அந்தப் புள்ளிகளில்தான் இறங்குகிறது. இரண்டு பெரிய ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் போட வேண்டியிருந்தால் நடுவில் ஓட்டையின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது விடுங்கள். வாரியக் குடியிருப்பு, அடுக்குமாடி என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வரிசை வீடுகளில் பொதுச் சுவர் என்றால் அடுத்த வீட்டுக்குள் போய் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் தொடாதீர்கள். அங்கே சாமி மாடமும் இருக்கலாம், மீட்டர் பெட்டியும் இருக்கலாம்.

ஒயரும் பைப்பும் அடுத்து. சுவருக்குள் பதித்த ஒயர் பொதுவாகச் சுவிட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலே ஏறும், பிறகு கூரைக்கு 9 இன்ச் முதல் 1 அடி கீழே படுக்கையாக ஓடும். சிம்னி ஓட்டை வருவதும் அதற்குச் சற்றுக் கீழேதான். ஜங்ஷன் பெட்டி மூடிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, இரண்டு மூடிக்கு நடுவே நேர்கோடு இழுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய்க்குக் குழாய்த் தலையிலிருந்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அதே மாதிரி. ஒயர் தேடும் சிறு கருவிகள் உதவும், ஆனால் ஈரச் சுவரிலும் கம்பி வலை வைத்த பூச்சிலும் ஏமாற்றும். அது சத்தம் போடவில்லை என்பதற்காக ஒயர் இல்லை என்று நம்பிவிடாதீர்கள்.

அந்தச் சுவருக்குப் போகும் சர்க்யூட்டின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, மிஷினுக்கு வேறு அறையிலிருந்து கரன்ட் எடுங்கள். மெயினை அணைத்தாலும் வெளியிலிருந்து மீட்டருக்கு வரும் சர்வீஸ் ஒயரில் கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அது நுழையும் சுவர்ப்பகுதியை முழுவதுமாக விலக்குங்கள். மிஷின் வாங்கும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) இருக்க வேண்டும், வேலைக்கு முன் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழ வேண்டும். பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும் இல்லை என்றால் தண்ணீர் விட்டு வெட்டும் மிஷினை உள்ளே விடவே கூடாது. 2000 வாட்டைத் தாண்டிய மிஷினுக்கு 16 ஆம்பியர் பாயின்ட்டும் 2.5 சதுர மி.மீ. எக்ஸ்டென்ஷன் ஒயரும் வேண்டும். ஒயரைச் சுருளாகவே வைத்துக்கொண்டு ஓட்டினால் சுருள் சூடாகி உருகும், முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

சமையலறை என்பதால் இன்னொன்று: ரெகுலேட்டரை மூடி, கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் மிஷினை ஆன் செய்ய வேண்டும். மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷிலும், பிட் கம்பியில் பட்டாலும் பொறி பறக்கும்.

இனி அளவு. ஓட்டை பைப்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இறுக்கமாக நுழைத்தால் அடைக்க இடமிருக்காது, அங்கேதான் மழைத்தண்ணீர் ஊறும். ஒன்றரை இன்ச் என்று விற்கும் பைப்பின் வெளி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், அது 40 மி.மீ. என்றால் 52 மி.மீ. பிட். ஏ.சி. செம்புக் குழாய், ட்ரெய்ன், ஒயர் மூன்றும் சேர்ந்து போக 65. 75 மி.மீ. பைப்புக்கு 92, 110 மி.மீ. பைப்புக்கு 127. சிம்னியின் 6 இன்ச் டக்டை நேரடியாக விட்டால் 162 போதும். ஆனால் சுவருக்குள் 160 மி.மீ. பிவிசி துண்டு ஒன்றை ஸ்லீவாகப் பதித்து அதற்குள் டக்டை விடுவதுதான் சரியான முறை, அதற்கு 182 கேளுங்கள். ஸ்லீவ் இல்லாமல் விட்ட அலுமினிய டக்ட் செங்கல் விளிம்பில் உரசி ஒரு நாள் கிழியும், எண்ணெய்ப் புகை சுவருக்குள் ஊறும்.

மிஷின் விஷயத்தில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. டங்ஸ்டன் கார்பைடு பல் வைத்த கோர் பிட் ஹாமர் அடியோடு வேலை செய்வது. டயமண்ட் கோர் பிட் வெறும் சுழற்சியில் மட்டும் அறுப்பது. டயமண்ட் பிட்டை மாட்டிக்கொண்டு ஹாமரை ஆன் செய்தால் முனையில் பற்றவைத்த துண்டுகள் தெறித்து விழும். இது தெரியாமல் பல ஆயிரம் ரூபாய் பிட்டை முதல் நிமிடத்திலேயே பாழாக்குகிறார்கள்.

உங்கள் 26 மி.மீ. மிஷின் 52, 65 மி.மீ. ஓட்டைக்குத் தாராளம். அதற்கு மேல் பாரம் தாங்காது: கிளட்ச் அடிக்கடி நழுவும், மோட்டார் வாடை வரும், கை உதறும். 127, 162, 182 என்று போகும்போது தேவை மெதுவாகவும் பலமாகவும் சுற்றும் மிஷின். பிட் பெரிதாக ஆக விளிம்பின் வேகம் ஏறும் என்பதால் சுற்று குறைய வேண்டும். காய்ந்த செங்கலில் 52 மி.மீ.க்கு நிமிடத்துக்கு 1500 சுற்று சரி என்றால் 162க்கு 500 சுற்று அளவே. சாதாரண ட்ரில்லில் இந்தக் கட்டுப்பாடும் கிடையாது, பிட் மாட்டிக்கொண்டால் விட்டுக்கொடுக்கும் கிளட்ச்சும் கிடையாது.

கிளட்ச் இல்லாமல் பெரிய பிட் மாட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிட் சுவரில் நின்றுவிடும், மோட்டார் நிற்காது, ஆகவே மிஷின் உடம்பு சுற்றும். நீங்கள் பின்னால் நின்று பார்க்கும்போது பிட் கடிகார திசையில் போகிறது, உடம்பு எதிர்த்திசையில் வரும். இடப்பக்கம் பொருத்திய பக்கக் கைப்பிடி கீழ்நோக்கி அடிக்கும். அதற்குக் கீழே மேடையின் கருங்கல் இருந்தால் விரல்கள் நடுவில் நசுங்கும், இல்லாவிட்டால் மணிக்கட்டு முறுக்கும். ஏணியில் நின்றிருந்தால் ஆளே கீழே வருவார். அதனால் மூன்று விதி: ட்ரிக்கரை லாக் செய்யாதீர்கள், பக்கக் கைப்பிடி இல்லாமல் தொடாதீர்கள், ஏணியிலோ பிளாஸ்டிக் ஸ்டூலிலோ நின்று பெரிய ஓட்டை போடாதீர்கள். கால் வைத்த குதிரைச் சட்டம் இரண்டு வைத்துப் பலகை போட்ட மேடை, அதில் இரண்டு காலும் அகலமாக ஊன்றி, மிஷின் நெஞ்சு உயரத்தில் வரும்படி நிற்க வேண்டும். கோர் கட்டிங் ஆட்கள் ஸ்டாண்டைச் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்துப் பிடிப்பார்கள். அந்த போல்ட் உதிரும் பூச்சிலோ சுண்ணாம்பு இணைப்பிலோ பிடிக்காது. மாட்டியபின் ஸ்டாண்டைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் இடம் மாற்ற வேண்டும்.

சின்ன ஓட்டையை நீங்கள் போடும் முறையும் பெரியதை அவர் போடும் முறையும் அடிப்படையில் ஒன்றே. மையத்தில் 12 மி.மீ. தடிமனுள்ள நீளமான பிட்டால் சுவரின் மறுபக்கம் வரை ஒரு வழித்துளை. அது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து போக வேண்டும். 9 இன்ச் சுவர் இருபுறப் பூச்சோடு சுமார் 260 மி.மீ. வரும், அந்த நீளத்துக்கு 10 முதல் 15 மி.மீ. இறக்கம். ரசமட்டத்தை பிட்டின் மேல் வைத்துப் பாருங்கள், கண் மதிப்பில் பெரும்பாலும் தலைகீழாகப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து அடிக்கும் சாரல், உள்பக்கம் சாய்ந்த ஓட்டை வழியாக நேராகச் சமையல் மேடையில் வந்து விழும்.

வழித்துளை வெளியே வந்ததும் நிறுத்தி, வெளியே போய்ப் பாருங்கள். ஓட்டை வரும் இடத்தில் வடிகால் பைப் இருக்கலாம், கேபிள் இருக்கலாம், எதிர்வீட்டு ஜன்னல் மூன்றடியில் இருக்கலாம். இந்த நிலையில் தப்பு தெரிந்தால் இழப்பு 12 மி.மீ. துளை மட்டுமே.

பிறகு வட்டத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கோர் பிட்டை மையக் கம்பியோடு மாட்டி, அழுத்தாமல் 10 மி.மீ. ஆழத்துக்கு வட்டத் தடம் இறக்குங்கள். தடம் விழுந்ததும் மையக் கம்பியைக் கழற்றிவிடலாம், பிட் தடத்திலேயே போகும். 30, 40 மி.மீ.க்கு ஒருமுறை சுழலவிட்டபடியே பின்னால் இழுத்துத் தூளை வெளியேற்றுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை காற்றில் சுற்றவிட்டு ஆற்றுங்கள். பிட்டின் பக்கத்தில் நீலம் பாய்ந்தால் சூடு மீறிவிட்டது. உள்ளே துண்டு நிறைந்து பிட் முட்டினால் வெளியே எடுத்து, தட்டை உளியை வெட்டிய இடைவெளியில் நுழைத்து ஒரு தட்டு தட்டினால் துண்டு உடைந்து வரும். காய்ந்த நிலையில் வெட்டும் பிட்டுகள் பெரும்பாலும் 150 மி.மீ. ஆழம்தான் போகும். 260 மி.மீ. சுவருக்கு இப்படி உடைத்து எடுத்து, எக்ஸ்டென்ஷன் ராடு மாட்டிப் போக வேண்டும், அல்லது வெளியிலிருந்து மீதியை வெட்ட வேண்டும்.

பிட் நகராமல் சும்மா சுற்றினால் பலத்தைக் கூட்டாதீர்கள். டயமண்ட் முனை வழவழப்பாகிவிட்டது, அவ்வளவுதான். சொரசொரப்பான சிமென்ட் கல்லில் இரண்டு மூன்று தடவை இறக்கினால் புது முனை வெளியே வரும். கிறீச்சென்ற சத்தமும் பொறியும் தூளில் மினுக்கும் இரும்புத் துகளும் வந்தால் உடனே நிறுத்துங்கள். அது கம்பி, அல்லது இரும்புக் குழாய். இரண்டில் எதுவானாலும் அந்த இடத்தில் ஓட்டை வேண்டாம்.

மறுபக்கம் நெருங்கும்போதுதான் அதிக சேதம். கடைசி 30 மி.மீ. இருக்கையில் ஹாமரை அணைத்து, அழுத்தத்தைப் பாதியாக்க வேண்டும். அவசரப்பட்டால் வெளிப்பூச்சு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். வெளியே நிற்க வழி இருந்தால், அதே வழித்துளையை மையமாக வைத்து வெளியிலிருந்து 50 மி.மீ. வெட்டிச் சந்திப்பது நல்லது. விளிம்பு கத்தியால் அறுத்தது போல இருக்கும்.

முதல் மாடி என்பதால் துண்டைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். 162 மி.மீ. ஓட்டையிலிருந்து வரும் 260 மி.மீ. செங்கல் உருளை சுமார் 9 கிலோ. 127 மி.மீ. என்றாலே 5 கிலோவுக்கு மேல். அது பத்துப் பதினைந்து அடியிலிருந்து சந்தில் விழுந்தால் கீழே போகிறவர் பிழைப்பது கஷ்டம். வழித்துளைக்குள் நீளமான திரெட் ராடு ஒன்றை விட்டு, இருபக்கமும் அகல வாஷரும் நட்டும் போட்டு, வெளிப்பக்க முனையைக் கட்டுக்கம்பியால் அசையாத ஒன்றில் கட்டி வைத்தால் துண்டு சந்தில் விழாது. கோர் பிட் ராடின் மேல் போக வேண்டும் என்பதால் உள்பக்கம் இருக்கும் ராடு பிட்டின் உள் நீளத்துக்குள் அடங்க வேண்டும். அது அமையாவிட்டால் கடைசிப் பகுதியை வெட்டும் முன் நிறுத்தி, முன் துண்டை உடைத்து எடுத்துவிட்டு, மீந்த மெல்லிய தட்டில் வெளிப்பக்கத்திலிருந்து ஆங்கர் ஒன்று அடித்துக் கம்பியால் பிடித்துக்கொண்டு வெட்டலாம். எது செய்தாலும் சந்தின் இரு முனையிலும் கயிறு கட்டி, கீழே ஒரு ஆள் நிற்க வேண்டும். அவர் கை காட்டாமல் கடைசி 50 மி.மீ. தொடங்கக் கூடாது. பள்ளிக்கூடம் விடும் நேரம் வேண்டாம்.

சுண்ணாம்புக் கலவைச் சுவர் என்று தாளில் தெரிந்திருந்தால் மேலே சொன்னதில் பாதி மாறும். ஹாமர் அடி இணைப்பைப் பொடியாக்கும், வட்டத்தைத் தாண்டிய கற்கள் அசையும், நான்கைந்து கல் மொத்தமாகச் சரிந்து 6 இன்ச் ஓட்டை 2 அடிப் பொந்தாக முடியும். உளியால் உடைக்கும்போது நடப்பதும் இதுவே. டயமண்ட் பிட்டில் அடியில்லாமல் அறுப்பது ஒரு வழி. இன்னொரு வழி, பழைய வேலை தெரிந்த கொத்தனாரை வைத்து இணைப்பை மெல்லிய பிளேடால் அறுத்து, ஒரு கல் அகலத்துக்கு மட்டும் கற்களை முழுசாக எடுத்து, ஸ்லீவை வைத்து, அதைச் சுற்றித் திரும்பக் கட்டுவது. பதினெட்டு இன்ச் சுவருக்கு இதுவே எனக்குப் பிடித்தது, ஏனென்றால் 450 மி.மீ. நீள பிட் கிடைத்தாலும் அவ்வளவு ஆழத்தில் தளர்ந்த கல் ஒன்று சுழன்று பிட்டைக் கவ்விக்கொள்ளும். திரும்பக் கட்டும்போது சுண்ணாம்புக் கலவையே போடச் சொல்லுங்கள். கெட்டியான சிமென்ட் பக்கத்து மெத்தென்ற கல்லோடு ஒட்டாமல் வளையமாக விரிசல் விடும்.

ஏ.ஏ.சி.யில் ஹாமரே வேண்டாம், கை அழுத்தமே அதிகம். ஹாலோ பிளாக்கில் ஹாமர் வைத்தால் உள் தடுப்பு உடைந்து துண்டுகள் குழிக்குள் விழும்.

கோர் மிஷின் வாடகைக்குக் கிடைக்காமல், ஆளும் வராமல் மாட்டிக்கொண்டால், சிமென்ட் கலவைச் செங்கல் சுவருக்கு ஒரு மாற்று உண்டு: வட்டக் கோட்டின் மேல் 12 மி.மீ. துளைகளை 20 மி.மீ. இடைவெளியில் வரிசையாகப் போட்டு, நடுவை மெதுவாகப் பெயர்ப்பது. 160 மி.மீ. வட்டத்துக்கு 25 துளை. இருபுறமிருந்தும் போட்டால் விளிம்பு ஓரளவு ஒழுங்காக வரும். நேரம் அரை நாள் போகும்.

தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 162 மி.மீ. ஓட்டை ஒன்று மட்டும் ஒரு கிலோ அளவுக்கு மெல்லிய தூள் தரும். அதில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. கட்டிட வேலையாட்களுக்கு வரும் சிலிகோசிஸ் அதனால்தான் வருகிறது, நுரையீரல் புற்றுநோய்க்கும் அது காரணம். கைக்குட்டை கட்டுவது பயனில்லை. மூக்கில் இடைவெளி விடாமல் பொருந்தும் என்95 முகமூடி, மூடிய கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் வேண்டும். கையுறை போட்டால் விரலோடு ஒட்டியதாக இருக்கட்டும், தொளதொளவென்ற துணி பிட்டில் சுற்றும். ஃபேனை அணைத்து, அறைக்கதவை ஈரப் போர்வையால் மறைத்து, ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முடிந்தபின் துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் வழித்தெடுங்கள். சுவரை ஒட்டியோ சுவருக்குள்ளோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயோ இருந்தால் அதை எந்த பிட்டாலும் அறுக்க வேண்டாம், ஓட்டையின் இடத்தை மாற்றுங்கள்.

கான்கிரீட்டில் தண்ணீர் விட்டு வெட்டினால் தூள் இல்லை, ஆனால் சாம்பல் சேறு. அது சுவரில் வழிந்து சுவிட்ச் பெட்டிக்குள் போகாமல் ஓட்டைக்குக் கீழே தார்ப்பாயைப் பள்ளமாக ஒட்டி வாளிக்குள் இறக்குங்கள். அந்தச் சேற்றைச் சிங்க்கிலோ பாத்ரூம் ஓட்டையிலோ ஊற்றினால் பைப்புக்குள் கல்லாக இறுகும். வாளியில் ஒரு இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரைக் கொட்டி, கட்டியை மூட்டையில் போடுங்கள்.

ஓட்டை விழுந்ததும் வேலை முடிந்ததாக விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்துக்கு முன் அடைப்பு முடிய வேண்டும், ஈரச் சுவரில் சீலன்ட் ஒட்டாது. ஸ்லீவை வெளிப்பூச்சுக்கு 10 மி.மீ. நீட்டி, அதே இறக்கத்தில் வையுங்கள். சுற்றியுள்ள இடைவெளியில் தூளைத் துடைத்து, ஈரமாக்கி, 1க்கு 3 சிமென்ட் கலவையை (சுண்ணாம்புச் சுவர் என்றால் சுண்ணாம்புக் கலவையை) இருபுறமிருந்தும் குத்திக் குத்தி நிரப்பி, ஏழு நாள் தண்ணீர் தெளியுங்கள். வெளி விளிம்பில் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் ஒரு சுற்று. கேஸ் கீசரின் சூடான புகைக்குழாய் போகும் ஓட்டையில் ஃபோம் அடிக்காதீர்கள், அது எரியும் பொருள். சிம்னி முனையில் சாதாரண வலை வைத்தால் எண்ணெய் படிந்து ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ளும், கீழ்நோக்கிய மூடியும் தானாக மூடும் தடுப்பும் உள்ள கௌல் மாட்டுங்கள். வாஷிங் மெஷின் பைப் முனைக்கும், சும்மா விட்ட ஸ்லீவுக்கும் எலியும் பெருச்சாளியும் நுழையாத துருப்பிடிக்காத வலை வேண்டும். கடலோரத்தில் திருகும் கிளாம்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே வாங்குங்கள்.

சீலன்ட் காய்ந்தபின் வெளியே மாடியிலிருந்து ஹோஸ் பிடித்து ஓட்டைக்கு மேலே பத்து நிமிடம் தண்ணீர் வழியவிடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச் அடித்து ஸ்லீவின் அடிப்பக்க விளிம்பைப் பார்க்கட்டும். ஈரம் தெரிந்தால் கசிவு பெரும்பாலும் ஸ்லீவின் மேல் விளிம்பில் சீலன்ட் விட்டுப்போன இடத்திலிருந்துதான் வந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, காயவிட்டு, மறுபடி போடுங்கள்.